ஒரு படி போதுமா?

நான் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்த நாளில், ஒவ்வோர் ஆண்டும் இறுதி வகுப்பு மாணவர்களின் சான்றேட்டில் 'அங்க அடையாளங்கள்' என்னும் பகுதியை நிரப்புவது ஒரு பெரும் வேலை. வலக் கன்னத்தில் ஒரு மச்சம், இட முழங்கையில் ஒரு தழும்பு என்று எழுதுவோம். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய இருவர் ஒரு வகுப்பில் அமைந்துவிடுவதுண்டு. அப்பொழுது பெயரை நம்பினால் ஏமாறுவோம், அடையாளமே கைகொடுக்கும். இன்று இணையத்தின் வழியே பலர் கூடிப் பயன்படுத்தும் சேமிப்பகங்களில், ஒரே கோப்பு பலமுறை இடம் பிடிப்பதைத் தவிர்க்கும் கலைக்கும் இதுவே அடிப்படை. அக்கலை வளர்ந்த வரலாற்றையும், அதனால் நேர்ந்த இடர்களையும் இன்று காண்போம்.

இடர்ப்பாடு எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு சுற்றறிக்கை நாற்பது ஆசிரியர்களுக்கு அனுப்பப்படுகிறது. ஒவ்வொருவரும் அதனைத் தம் கணக்கில் சேமித்து வைக்கின்றனர். ஒருவர் பெயரை மாற்றி வைக்கிறார். மற்றொருவர் மறதியால் இருமுறை வைக்கிறார். ஆக, ஒரே செய்தி நாற்பத்தொரு படிகளாக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 500-க்கும் மேற்பட்ட மேசைக் கணிப்பொறிகளில் இருந்த கோப்புகளை ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். பயன்பாட்டிலிருந்த இடத்தில் ஏறத்தாழப் பாதியை இரட்டைக் கோப்புகளே நிரப்பியிருந்தன என்பதே அம்முடிவு.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், புதிதாக வரும் ஒவ்வொரு கோப்பையும் முன்பே உள்ள கோடிக்கணக்கான கோப்புகளுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நடவாத காரியம். ஆதலின், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு சிறிய எண்ணைக் கணக்கிட்டு, அதனையே அதன் அங்க அடையாளமாகக் கொள்ளும் முறை தோன்றியது. அந்த எண்ணை 'ஹாஷ்' என்பர். 1981-ஆம் ஆண்டில் மைக்கேல் ராபின் என்னும் கணித அறிஞர், கோப்புகளுக்கு இவ்வாறு 'விரல் ரேகை' எடுக்கும் ஒரு வழியை வகுத்துத் தந்தார். 1995-இல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 'ஷா-1' என்னும் முறையை வெளியிட்டது. கோப்பு ஒரு பக்கமாயினும் ஓர் இலட்சம் பக்கமாயினும், ஷா-1 தரும் குறி 160 இரும இலக்கங்களே. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும்.

அடுத்த படி 2001-இல் எடுத்து வைக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தையும் நியூயார்க் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மூவர், வேகம் குறைந்த இணைப்புகளில் கோப்புகளை அனுப்பும் முறை ஒன்றை ஆராய்ந்தனர். கோப்பு முழுவதற்கும் ஒரே குறி என்றால், ஒரு சொல் மாறினும் முழுக் கோப்பும் புதியதாகவே தோன்றும். எனவே கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குறியிடுதல் நலம். ஆனால் எங்கே வெட்டுவது? ஒரு கட்டுரையை நூறு நூறு சொற்களாகப் பிரித்துவிட்டு, தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். எல்லாத் துண்டுகளும் ஒவ்வொரு சொல் நகர்ந்து, பழைய துண்டு ஒன்றுகூட மிஞ்சாது. முற்றுப்புள்ளி வரும் இடந்தோறும் பிரித்திருந்தாலோ முதல் வாக்கியம் மட்டுமே மாறும். ஏனையவை முன்போலவே இருக்கும். அம்மூவரும் இவ்வழியையே பின்பற்றி, ராபின் கண்ட விரல் ரேகையைக் கொண்டு, உள்ளடக்கமே தன் எல்லையைக் காட்டும்படி செய்தனர். ஒரு துண்டின் சராசரி அளவு 8 கிலோபைட்.

2002-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷான் குவின்லன், ஷான் டோர்வார்டு ஆகிய இருவர், 'வென்டி' என்னும் ஆவணச் சேமிப்பகத்தை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அதில் ஒரு துண்டு இருக்கும் முகவரியே அதன் ஷா-1 குறிதான். ஒரே துண்டை நூறு பேர் கொண்டுவந்தாலும் முகவரி ஒன்றே. ஆகவே இடமும் ஒன்றே. பலர் கூடிப் பயன்படுத்தும் சேமிப்பகங்கள் இக்கருத்தைக் கையாண்டபோது, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பேர் உரிமையாளர் என்ற கணக்கும் தேவையாயிற்று. ஒருவர் நீக்கினார் என்பதற்காக மற்றவர்களின் உடைமை அழிந்துவிடலாகாது அன்றோ?

இனி, இடர்களைப் பார்ப்போம். முதலாவது இரகசியத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் தம் கோப்பைத் தமக்கே உரிய திறவுகோலால் பூட்டி அனுப்பினால், ஒரே கோப்பின் இரண்டு படிகள் சேமிப்பகத்தின் கண்ணுக்கு முற்றிலும் வேறானவையாகத் தோன்றும்; இரட்டைப் படியைக் கண்டுபிடிக்க இயலாது. இதற்கு முன்னர்ச் சொன்ன மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டனர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே திறவுகோலை உருவாக்குவது அவ்வழி. ஒரே கோப்பை உடையவர்களுக்கு ஒரே திறவுகோல் அமையும். பூட்டிய வடிவமும் ஒன்றாகவே இருக்கும்.

ஆயினும் கசிவுக்கு வேறொரு வாயில் திறந்தே இருந்தது. 2010-இல் ஹார்னிக், பிங்காஸ், ஷுல்மன்-பெலெக் ஆகிய மூவர் அதனை எடுத்துக் காட்டினர். சில சேமிப்பகங்கள், முன்பே உள்ள கோப்பு வந்தால், 'இதனை அனுப்ப வேண்டா, இங்கே இருக்கிறது' என்று உடனே விடை கூறின. நேரமும் செலவும் மிச்சந்தான். ஆனால் அவ்விடையே ஒரு செய்தி அன்றோ? ஒரு மாணவனின் மதிப்பெண் அறிக்கை அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறிக்கையின் வடிவமும் மாணவனின் பெயரும் அறிந்த ஒருவன், 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு 101 அறிக்கைகளைச் செய்து, ஒவ்வொன்றாக அனுப்ப முற்படுகிறான். எதனை 'வேண்டா' என்று சேமிப்பகம் சொல்லுகிறதோ, அதுவே உண்மையான மதிப்பெண். பூட்டை உடைக்காமலேயே பொருளை அறிந்துவிட்டான்! ஆகையால், கோப்பை எப்பொழுதும் முழுமையாக வாங்கிக்கொண்டு உள்ளே சென்றபின் இரட்டைப் படியை நீக்குவதே பாதுகாப்பு. அல்லது, யாரும் ஊகிக்க இயலாத ஓர் எண்ணிக்கையைத் தாண்டும் வரையில் வரும் படிகளையெல்லாம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது இடர் அடையாளத்தைப் பற்றியது. வெவ்வேறு இருவருக்கு ஒரே மச்சம் அமைந்துவிட்டால் என் செய்வது? 2005-ஆம் ஆண்டிலேயே சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் ஷா-1 முறையின் வலிமை குறைவு என்று காட்டியிருந்தனர். 2017 பிப்ரவரி 23-ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித ஆய்வு மையத்தினரும் கூகுள் நிறுவனத்தினரும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறாயினும் ஷா-1 குறி ஒன்றாகவே அமைந்த இரண்டு பி.டி.எப். கோப்புகளை உலகுக்குக் காட்டினர். அம்மாதமே ஒரு விபரீதம் நிகழ்ந்தது. 'வெப்கிட்' என்னும் இணைய உலாவித் திட்டத்தினர், தம் நிரல் இத்தகைய கோப்புகளைத் தாங்குமா என்று சோதிக்க எண்ணி, அவ்விரண்டையும் தம் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தனர். அக்களஞ்சியத்தை நடத்திய மென்பொருளோ ஷா-1 குறியை நம்பி இரட்டைப் படியை நீக்குவது. இரண்டும் ஒன்றே என்று அது கொண்டுவிட்டது. களஞ்சியம் பழுதாகி, அதிலிருந்து படி எடுக்க முயன்றவர்கள் பிழைச் செய்தியையே கண்டனர். குறி ஒன்றானபின் கோப்புகளை ஒருமுறை நேருக்கு நேர் ஒப்பிட்டிருந்தால் இந்த இன்னல் நேர்ந்திராது. ஷா-1 முறையினும் நீண்ட குறியைத் தரும் ஷா-256 போன்றவற்றைக் கையாளுதலும் பாதுகாப்பைப் பெருக்கும்.

மூன்றாவது இடரை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நாற்பத்தொரு படிகள் ஒன்றாகிவிட்டபின், அந்த ஒன்று கெட்டால் நாற்பதின்மரும் இழப்பர். ஆகவே அறிந்தோர், அறியாமல் பெருகிய படிகளை நீக்கிவிட்டு, வேண்டுமென்றே எடுத்த இரண்டு மூன்று படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றனர். முன்னது வீண் செலவு, பின்னது காவல். இவ்வேறுபாட்டை உணராது, எல்லாப் படியும் வீண் என்று அழிப்பவரும் தவறுவர்; எதனையும் நீக்க அஞ்சிக் குவிப்பவரும் தவறுவர்.

மாணவர்களே, அந்தச் சான்றேட்டில் அடையாளம் ஒன்றன்று, இரண்டு எழுத வேண்டும் என்பது விதி. இளமையில் அதனை வீண் வேலை என்று எண்ணினேன். 2017-இல் நடந்ததைப் படித்த பிறகே, அவ்விதியை வகுத்தவர்களின் எச்சரிக்கை எனக்கு விளங்கிற்று. சிக்கனம் நல்லது, ஆனால் இரண்டு பொருள்கள் ஒன்றே என்று முடிவு கட்டி ஒன்றை எறிவதற்கு முன், மற்றுமொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.