மீரியபெத்தயும் ஏஎல்லில் இல்லாத ஒரு பாடமும்

இலங்கையில் ஏஎல் கலைப்பிரிவில் சமூகவியல் என்று தனிப்பாடம் கிடையாது. இங்கிலாந்தில் எங்கள் வயதுப் பிள்ளைகள் அதை எடுத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். இந்தியாவின் மத்தியப் பாடத்திட்டத்திலும் 11, 12ஆம் வகுப்புகளுக்கு அது உண்டு. இங்கே பல்கலைக்கழகம் போனால்தான் படிக்கலாம். தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேருகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. மீரியபெத்தயின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் இந்தக் குறை எங்களுக்கு உறைத்தது.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரம். காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள்மேல் மலை சரிந்து இறங்கியது. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை.

ஏன் நடந்தது? புவியியல் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது: செங்குத்துச் சரிவு, விடாத மழை, தண்ணீர் ஊறித் தளர்ந்த மண். விடை சரிதான். ஆனால் மலை ஏன் சரிந்தது என்பதற்குத்தான் அது விடை. அந்த மலைக்குக் கீழே யார் குடியிருந்தார்கள், ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று வினாத்தாளில் கேட்க மாட்டார்கள்.

2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று எச்சரித்திருந்தது. "சொன்னோம், அவங்க கேக்கல" என்று சரிவுக்குப் பிறகு அதிகாரத் தரப்பில் பேசினார்கள். இதை நாங்கள் ஏற்கமாட்டோம். போகச் சொன்னது சரி, எங்க போறது? லயக் காம்பரா தோட்டத்துடையது. காணி அரசுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. இந்தக் கைமாற்றங்களில் எதிலும் லயத்தில் இருந்தவருக்குத் தன் பேரில் ஒரு துண்டுக் காணி வரவில்லை. பிரதேச சபையிடம் கேட்கலாமே என்றால், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டமே தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல், அதாவது மண்சரிவுக்கு நாலு வருசம் கழித்து. இன்னும் பின்னால் போனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டம். அதை அரசியல் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோம். அந்தச் சட்டத்தையும் இந்தச் சரிவையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு மனிதரின் சொந்தக் கஷ்டத்துக்கும் சமூகத்தின் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதே சமூகவியல் என்று 1959இல் அமெரிக்கரான சி. ரைட் மில்ஸ் எழுதினார். வெளிநாட்டு ஏஎல் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கிற பெயர் இது. நாங்கள் மீரியபெத்த வழியாகத்தான் அவரிடம் போனோம்.

எண்ணிக்கை விசயத்தையும் பாருங்கள். முதல் நாட்களில் நூறு, இருநூறு, அதற்கும் மேல் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கடைசியில் உத்தியோகபூர்வக் கணக்கு நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. தோட்டத்துச் செக்ரோல் இன்றைக்கு வேலைக்கு வந்தவரின் பேரை எழுதும். காம்பராவில் படுத்திருக்கும் தாத்தாவையோ, கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கும் அண்ணனையோ அது எழுதாது. வேலையாளாக எண்ணப்பட்ட ஒரு சமூகம், குடியிருப்பவர்களாக எண்ணப்படவில்லை.

இதே மாதிரி ஒரு காலை அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவிலும் விடிந்தது. 1972 பெப்ரவரி 26, பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கம்பெனியின் கழிவு அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். கம்பெனித் தரப்பு அதைக் கடவுள் செயல் என்றது. தப்பியவர்கள் போட்ட வழக்குக்காக அங்கே போன சமூகவியலாளர் கை எரிக்சன், 1976இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட முக்கியமான விசயம்: தப்பியவர்களைப் பழைய அயலவர் யாரென்று பார்க்காமல் கிடைத்த முகாம்களில் போட்டதால், வெள்ளம் விட்டுவைத்த உறவுகளும் அறுந்துபோயின. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நமக்கெல்லாம் அடுத்த காம்பராக்காரர் பாதிக் குடும்பம்.

மீரியபெத்தயில் தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்தை ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயம் போன்ற பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தன. 2016 ஒக்டோபரில்தான், கிட்டத்தட்ட இரண்டு வருசம் கழித்து, பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. தொழிற்சாலைக்குள் இருந்துகொண்டு ஓஎல்லுக்குப் படித்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வருசம் என்ன செய்தது என்பதை இனித்தான் எழுத வேண்டும். எங்கள் தலைமுறை எழுத வேண்டிய வரலாறு அது.

அதற்கு பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி போதும். உங்கள் லயம் எந்த வருசம் கட்டியது, மேலே உள்ள மலையை யாராவது வந்து அளந்தார்களா, அளந்தவர்கள் என்ன சொன்னார்கள், அதை யாரிடம் சொன்னார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "வெள்ளைக்காரன் காலத்துல" என்றுதான் பதில் வரும். விடாமல் அடுத்த கேள்விக்குப் போங்கள்.