மதிப்பூதியமும் கூட்டுப் பேரமும்: தமிழ்நாட்டுச் சத்துணவுப் பணியாளர் ஊதிய வரலாறு (1982–2024)

ஆய்வுச்சுருக்கம்

பள்ளிகளில் ஆசிரியர் அல்லாத பணியாளர்களுள் எண்ணிக்கையில் மிகுந்தும் ஊதியத்தில் குறைந்தும் இருப்போர் சத்துணவுப் பணியாளர்கள். 1982இல் உருவான இப்பணியாளர் பிரிவின் ஊதியம் தொகுப்பூதியத்திலிருந்து சிறப்புக் காலமுறை ஊதியத்திற்கு உயர்ந்துள்ளது. எனினும், கடைநிலை முழுநேர அரசுப் பணியாளரின் ஊதியத்தோடு ஒப்பிடும்போது அவர்தம் ஊதிய விகிதம் 2009, 2017 ஆகிய இரண்டு திருத்தங்களுக்கிடையே ஏறத்தாழ மாறவில்லை. இந்நிலைக்குத் தொகையின் சிறுமை மட்டும் காரணமன்று; ஊதியத்தைப் பேசித் தீர்ப்பதற்கான சட்டப்படியான மேடை இல்லாமையே அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சத்துணவுப் பணியாளர், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், கூட்டுப் பேரம், நியாய ஊதியம், திட்டப் பணியாளர்

முன்னுரை

தமிழ்நாட்டில் பள்ளி உணவுத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஆட்சியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டி, 1956இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். கொணர்ந்த சத்துணவு என்னும் வரிசை அனைவரும் அறிந்தது. உண்ட பிள்ளைகளின் எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கையின் வளர்ச்சி, ஊட்டச்சத்தின் பயன் ஆகியனவும் ஆராயப்பட்டுள்ளன. அவ்வுணவைச் சமைத்தோருக்கு என்ன ஊதியம் வழங்கப்பட்டது, அதனை யார் எவ்வாறு முடிவு செய்தனர் என்னும் வினாக்கள் பெற்ற கவனம் குறைவு. இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

‘நியாய ஊதியம்’ என்னும் சொல் இங்கு அதன் வரலாற்றுப் பொருளிலேயே ஆளப்படுகிறது. 1948இல் இந்திய அரசு அமைத்த நியாய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம் என மூன்று படிகளை வகுத்தது. நியாய ஊதியத்தின் கீழெல்லை குறைந்தபட்ச ஊதியம். அதன் மேலெல்லை தொழிலின் கொடுக்கும் ஆற்றல். இவ்விரண்டிற்கும் இடையே அது எங்கு நிற்கும் என்பதில் தொழிலாளரின் உற்பத்தித் திறன், அவ்வட்டாரத்தில் நிலவும் ஊதியம் முதலியவற்றோடு இரு தரப்பின் பேர ஆற்றலுக்கும் பங்குண்டு. பேரம் பேச இடமில்லாத நிலையில் நியாய ஊதியம் என்னும் கருத்தே வெறுமையாகிறது.

புதிய பணியாளர் பிரிவின் தோற்றம்

1982 சூலை 1 அன்று ஊரகப் பகுதிகளில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 15 முதல் நகர்ப்புறங்களுக்கும், 1984 செப்டம்பர் முதல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. முந்தைய மதிய உணவுத் திட்டம் உள்ளூர் நன்கொடைகளையும் ஆசிரியர்களின் ஒத்துழைப்பையும் பெரிதும் சார்ந்திருந்தது. 1982ஆம் ஆண்டுத் திட்டமோ ஒவ்வொரு மையத்திற்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பணியிடங்களை உருவாக்கியது. இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 43,000 சத்துணவு மையங்கள் உள்ளன. மையத்திற்கு மூவர் என்னும் அமைப்பின்படி கணக்கிட்டால் பணியிடங்கள் ஒன்றேகால் இலட்சத்தைத் தாண்டும்.

இப்பணிகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை வழங்கப்பட்டது. இதன் சமூகப் பயன் மறுக்கவியலாதது. ஆயினும், பணியமர்த்தத்தையே ஓர் உதவியாகக் கருதும் மனப்போக்கு தொடக்கத்திலேயே வேரூன்ற இது வழிவகுத்தது. உதவி பெறுபவர் நன்றி கூறலாம். விலை பேசுதல் மரபன்று. சமையல் என்பது பெண்கள் வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் வேலையின் நீட்சி என்னும் எண்ணமும் இதனோடு சேர்ந்தது. அரிசி, பருப்பைத் தூய்மை செய்தல், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்தல், பரிமாறுதல், பாத்திரம் துலக்குதல், இருப்புப் பதிவேடும் வருகைப் பதிவேடும் பேணுதல் ஆகிய அனைத்தும் ‘பகுதிநேரப் பணி’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கின.

‘மதிப்பூதியம்’ என்னும் சொல்

ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடக்கக் கல்விக்கான தேசிய ஊட்டச்சத்து ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்டபின், நாடு முழுவதும் பள்ளிச் சமையலர்கள் பெருந்தொகையினராயினர். 2004இல் அந்நீதிமன்றம் இப்பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை அளிக்குமாறு பணித்தது. ஆக, பணி பாலினத்தாலும் சாதியாலும் விளிம்பில் இருப்போரை நோக்கிச் சென்றது. ஊதியமும் விளிம்பிலேயே நின்றது.

2009 டிசம்பர் 1 முதல் சமையலர்-உதவியாளருக்கு மாதம் ரூ.1,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு வழங்க ஒன்றிய அரசு முடிவு செய்தது. இத்தொகை ‘மதிப்பூதியம்’ எனப்பட்டது. 2021இல் திட்டத்தின் பெயர் மாறியபோதும் தொகை மாறவில்லை. கூடுதலாக வழங்க விரும்பும் மாநிலங்கள் தம் நிதியிலிருந்து வழங்கிக்கொள்ளலாம் என்பதே நிலை.

ஊதியம் உழைப்பின் விலை; அதற்குச் சட்டம் உண்டு, கீழெல்லை உண்டு. மதிப்பூதியமோ தன்னார்வத் தொண்டிற்கு அளிக்கப்படும் மரியாதைத் தொகை. அதனை வழங்குவோரே அளவையும் முடிவு செய்வர். இச்சொல்லை ஏற்ற கணமே, அந்நாளில் நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமும் எட்டா இடத்திற்குப் போய்விட்டன. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்று அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கப் பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என முத்தரப்பும் அமர்ந்த மாநாட்டின் பரிந்துரை அது. எனினும் சொல்லும் தொகையும் அப்படியே நீடித்தன.

பெருகிய தொகையும் மாறாத விகிதமும்

தமிழ்நாட்டு நிலை இதனினும் மேம்பட்டது. தமிழ்நாடு சத்துணவு ஊழியர் சங்கம் முதலிய அமைப்புகளின் தொடர் போராட்டங்களின் பின்னணியில் சத்துணவுப் பணியாளர்கள் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றனர். ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் இதனால் கிட்டின. பிற மாநிலங்களின் பள்ளிச் சமையலர் நிலையோடு ஒப்பிட, இது குறிப்பிடத்தக்க வெற்றியாகும்.

ஆறாவது ஊதியக் குழுவையொட்டி 2009இல் நடந்த திருத்தத்தில் அமைப்பாளருக்கு ரூ.2,500–5,000, தர ஊதியம் ரூ.500, சமையலருக்கு ரூ.1,300–3,000, தர ஊதியம் ரூ.300, சமையல் உதவியாளருக்கு ரூ.950–2,000, தர ஊதியம் ரூ.200 என விகிதங்கள் அமைந்தன. அதே திருத்தத்தில் அலுவலக உதவியாளர் போன்ற கடைநிலை முழுநேரப் பணியாளருக்கு ரூ.4,800–10,000, தர ஊதியம் ரூ.1,300 ஆகும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இவை முறையே ரூ.7,700–24,200, ரூ.4,100–12,500, ரூ.3,000–9,000 ஆயின, கடைநிலை முழுநேரப் பணியாளருக்கு ரூ.15,700–50,000 ஆயிற்று.

தர ஊதியத்தையும் சேர்த்துத் தொடக்க ஊதியங்களை ஒப்பிட்டால், 2009இல் கடைநிலை முழுநேரப் பணியாளரின் ஊதியத்தில் அமைப்பாளர் பெற்றது 49.2 விழுக்காடு, 2017இல் 49.0. சமையலர் பெற்றது 26.2, பின்னர் 26.1. சமையல் உதவியாளர் பெற்றது 18.9, பின்னர் 19.1. எட்டாண்டுகளில் தொகை இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியுள்ளது, விகிதமோ அசையவில்லை. பழைய ஊதியத்தை 2.57 என்னும் ஒரே எண்ணால் பெருக்கிப் புதிய ஊதியத்தைக் காணும் முறையின் இயல்பான விளைவு இது. பெருக்கும் எண் அனைவருக்கும் ஒன்று. பெருக்கப்படும் எண்ணிலேதான் பழைய மதிப்பீடு உறைந்து கிடக்கிறது. அந்த அடித்தொகை சரியா என்று எவரும் வினவாதவரை, ஒவ்வொரு திருத்தமும் பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய தொகையில் மறுபதிப்புச் செய்வதாகவே அமையும்.

பகுதிநேரப் பணி என்னும் விளக்கம் இங்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. அரைநாள் பணிக்கு அரைப்பங்கு ஊதியம் என்பதே அளவுகோல் எனில், அமைப்பாளரின் விகிதத்தை மட்டுமே அது விளக்கும். அதே மையத்தில் அதே வேளையில் அடுப்படியில் நிற்கும் சமையலருக்குக் கால்பங்கும் உதவியாளருக்கு ஐந்தில் ஒரு பங்கும் ஏன் என்பதை நேரக் கணக்கால் விளக்கவியலாது. கல்வித்தகுதி வேறுபாடு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் இடையிலான இடைவெளியை ஓரளவு விளக்கலாம். சமையலருக்கும் அலுவலக உதவியாளருக்கும் இடையிலான இடைவெளியை அது விளக்காது.

பேரத்திற்கான மேடை

1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் சங்கம் அமைக்க வழி செய்தது. சங்கத்தோடு அரசு பேசியே ஆகவேண்டும் என்னும் கடமையை அது விதிக்கவில்லை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களையும் ‘தொழில்’ என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. 1988இல் ஆசிரியர்கள் ‘தொழிலாளர்’ ஆகார் என்று அந்நீதிமன்றம் கூறியபோதும், பள்ளிகளின் பிற ஊழியர்களுக்கு வாயில் திறந்தே இருந்தது. மதிப்பூதியம், திட்டப் பணி என்னும் சொற்கள் அந்த வாயிலை நடைமுறையில் அடைத்தன. மறுபுறம், 2006இல் கர்நாடக அரசு – அமீர்பி வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் குடிமைப் பதவி வகிப்போர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டப் பணியாளர் வழக்குகளில் அரசுத் தரப்பின் வலுவான ஆதாரமாக அத்தீர்ப்பு அமைந்தது. இவ்வாறு திட்டப் பணியாளர் தொழிலாளருமல்லர், அரசு ஊழியருமல்லர் என்னும் இடைநிலையில் நிறுத்தப்பட்டனர்.

வேலைநிறுத்தம் என்னும் கருவியும் வலுவிழந்தது. 2003 சூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதனையொட்டி டி.கே. ரங்கராசன் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. உரிமைகளில் அரசு ஊழியராக ஏற்கப்படாதோரும், தடைகளில் அந்நிலைக்கு உள்ளாகும் அச்சத்தைச் சுமக்க நேர்ந்தது.

எனவே சத்துணவுப் பணியாளரின் பேரம் மறியல், காத்திருப்புப் போராட்டம், அமைச்சருடன் பேச்சு, மானியக் கோரிக்கையின்போது அறிவிப்பு, பின்னர் அரசாணை என்னும் பாதையில் நடக்கிறது. இப்பாதையில் பயன் கிடைக்காமலில்லை. ஆயின் கிடைப்பது ஒப்பந்தமன்று, அறிவிப்பு. ஒப்பந்தத்தை இரு தரப்பும் கையெழுத்திட்டுக் காப்பர். அறிவிப்பை அறிவித்தவரே மாற்றலாம்.

பள்ளி உதவிப் பணியாளருக்கெனத் தனி மேடை இயலாத கற்பனையன்று. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி, வேலையளிப்போரும் தொழிற்சங்கங்களும் அமரும் பள்ளி உதவிப் பணியாளர் பேச்சுவார்த்தைக் குழு நிறுவப்பட்டது. ஆட்சி மாற்றத்திற்குப்பின் 2011ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை நீக்கியது. 2024இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வேலைவாய்ப்பு உரிமை மசோதா அதனை மீண்டும் நிறுவ முனைந்தது. சட்டத்தால் நிறுவிய மேடையையும் சட்டத்தால் நீக்கவியலும் என்பதை இது காட்டுகிறது. அதேவேளை, ஊதியத்தொகைக்கு முன்பாக மேடையைப் பெறுவதே சங்கங்களின் முதற்கோரிக்கையாக முடியும் என்பதையும் காட்டுகிறது.

நீதிமன்றங்களின் திருப்பம்

குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழாக வழங்கி வேலை வாங்குதல் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 1982 செப்டம்பர் 18 அன்று ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் கூறியது. சத்துணவுத் திட்டம் நகரங்களுக்கு விரிந்த மூன்றாம் நாள் அது. அக்கோட்பாடு பள்ளிச் சமையலரை வந்தடைய முப்பத்தெட்டு ஆண்டுகளாயின. 2020 டிசம்பர் 15 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம், மாதம் ரூ.1,000 பெற்றுப் பணியாற்றிய சமையலர் ஒருவரின் வழக்கில், அத்தொகைக்கு வேலை வாங்குவது 23ஆம் உறுப்பை மீறிய கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25 அன்று மணிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் பெறும் தொகை ‘மதிப்பூதியம்’ எனப்படினும், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்றது. சொல்லின் திரையை விலக்கி உழைப்பின் இயல்பைக் கண்ட தீர்ப்புகள் இவை. எனினும், தீர்ப்பு கீழெல்லையை உறுதிசெய்யுமேயன்றி, நியாய ஊதியத்தைக் கணித்துத் தராது.

பணியின் பிரிப்பு

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பதில் மற்றொரு முன்னேற்றம். அப்பணி பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனால் ஒரே பள்ளியில் காலைச் சமையலும் நண்பகல் சமையலும் வெவ்வேறு பணி நிபந்தனைகளில் நடக்கின்றன. 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை மாதம் ரூ.3,000 தொகுப்பூதியத்தில் நிரப்ப அரசு ஆணையிட்டது; ஓராண்டு நிறைவுற்றபின் இவர்கள் சிறப்புக் காலமுறை ஊதியத்திற்கு வருவர். 2017இன் தொடக்க ஊதியமே ஏழாண்டுகளுக்குப்பின் அகவிலைப்படியின்றி வழங்கப்படுவது இதன் பொருள். ஒரே வேலைக்குப் பல ஊதிய வகைகள் உருவாகும்போது, ஒன்றுபட்டுப் பேசும் ஆற்றல் குறைவது இயல்பு.

முடிவுரை

சத்துணவுப் பணியாளர் ஊதிய வரலாறு முன்னேற்றமில்லாத வரலாறன்று. தொகுப்பூதியம் காலமுறை ஊதியமாயிற்று. சங்கங்கள் அதனைப் போராடிப் பெற்றன. ஆனால் 2009, 2017 ஆகிய இரு திருத்தங்களிலும் விகிதம் மாறாதிருப்பது, ஊதிய உயர்வும் ஊதிய நியாயமும் ஒன்றல்ல என்பதை உணர்த்துகிறது. அடித்தொகையை மறுமதிப்பீடு செய்யாத பெருக்கல் நியாயத்தை உருவாக்காது. அம்மறுமதிப்பீட்டைப் பணியின் தன்மை, நேரம், திறன் ஆகியவற்றின் அடிப்படையில் இரு தரப்பும் அமர்ந்து செய்யும் மேடை இன்றுவரை அமையவில்லை. அடுத்த ஊதியக் குழுவின் பரிந்துரைகள் வரும்போது, சமையல் உதவியாளரின் ஊதியம் எத்தனை ரூபாய் உயர்ந்தது என்பதைவிட, ஐந்தில் ஒரு பங்கு என்னும் அந்த விகிதம் அசைந்ததா என்பதே ஆய்வாளர் நோக்க வேண்டிய அளவுகோலாகும்.