குருத்தெலும்புச் சீரமைப்பில் உயிரணு வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மூட்டுக் குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743இல் இலண்டன் அரச கழகத்திற்கு அளித்த கட்டுரையில் எழுதினார். அத்திசுவில் குருதிக் குழாய்கள் இல்லை. உயிரணுக்களும் மிகச் சிலவே. ஆதலால் காயம் தானாக ஆறுவதில்லை. ஹண்டரின் கூற்றை உயிரணு வளர்ப்புமுறை எந்த அளவிற்கு மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எலும்பைத் துளைத்தல்

1959இல் பிரைடி என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், தேய்ந்த பகுதிக்கு அடியிலுள்ள எலும்பில் துளையிடும் முறையை வெளியிட்டார். மச்சையிலிருந்து கசியும் குருதி உறைந்து புதிய திசுவாகும். எனினும் அது பெரும்பாலும் உறுதி குறைந்த நார்க் குருத்தெலும்பாகவே அமைந்தது. நுண்முறிவு முறை இதன் வழிவந்ததே.

உயிரணுவின் இயல்பு மாற்றம்

தட்டையான கலத்தில் பெருக்கப்படும் குருத்தெலும்பு உயிரணுக்கள் தம் இயல்பை இழந்து, இரண்டாம் வகைக் கொலாஜனுக்கு மாறாக முதல் வகையை உருவாக்கத் தொடங்கும். அவற்றை அகரோசு கூழ்மத்திற்கு மாற்றினால் இழந்த இயல்பு மீளும் என்பதைப் பென்யாவும் ஷாஃபரும் 1982இல் நிறுவினர்.

கோதென்பர்க் அறுவை

சுவீடனின் கோதென்பர்க் நகரில் 1987இல் இம்முறை மனிதரிடம் முதன்முதலாகக் கையாளப்பட்டது. நோயாளியின் குருத்தெலும்பில் சிறு துண்டெடுத்து, உயிரணுக்களை இரண்டு, மூன்று வாரங்கள் வளர்த்து, எலும்பின் மேலுறையால் மூடிய காயத்தினுள் செலுத்தினர். 23 நோயாளிகளின் முடிவுகளைப் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினர் 1994இல் வெளியிட்டனர். தொடையெலும்பு முனையில் அறுவை பெற்ற 16 பேரில் 14 பேர் நலமடைந்தனர். முழங்காற்சில்லில் அறுவை பெற்ற 7 பேரில் இருவரே நலமடைந்தனர். ஒப்பீட்டுக் குழு இவ்வாய்வில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பீட்டு ஆய்வுகள்

உயிரணு வளர்ப்புமுறைக்கு இரண்டு அறுவைகள் தேவை. நுண்முறிவுக்கு ஒன்றே போதும். எனவே ஒப்பீடு இன்றியமையாததாயிற்று. நார்வேயில் 80 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டாண்டு முடிவில் இரு முறைகளின் திசுத் தரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் உயிரணுக்களைக் கொலாஜன் படலத்தில் பதித்து வைக்கும் முறை உருவாயிற்று. 144 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், பெரிய காயங்களுக்கு இம்முறை வலியையும் இயக்கத்தையும் நுண்முறிவைவிட மேம்படுத்தியது. ஆயினும் உருவான திசுவின் அமைப்பு இரண்டிலும் ஒத்தே இருந்தது. 2016இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு ஒப்புதல் வழங்கியது.

முடிவுரை

உயிரணுவை வளர்த்தல், திசுவை மீட்டல், வலியைத் தணித்தல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. முதலாவது கைகூடியது; மூன்றாவது பலருக்கு வாய்த்தது; இரண்டாவது இன்னும் முழுமையடையவில்லை. குருத்தெலும்பு தானாக மீள்வதில்லை என்ற ஹண்டரின் கூற்று இன்றும் பொருந்துகிறது. இவ்வேறுபாட்டை அறிந்த பின்னரே ஒரு நோயாளி இரண்டாவது அறுவைக்கு இசைவளித்தல் முறையாகும்.