ரிப்ளி நகரத்து இரண்டு வீடுகள்



பழைய கட்டடம் என்றாலே அரண்மனை, கோட்டை, கோபுரம் என்றுதான் நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். பாடநூல்களில் வரும் படங்களும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒஹாயோ மாநிலத்தின் தெற்கு எல்லையில் ரிப்ளி என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே அரண்மனை எதுவுமில்லை. ஆற்றங்கரையோரம் வரிசையாகச் சில பழைய வீடுகள். அவற்றின் பின்னே ஒரு குன்று. குன்றின்மேல் தனியே ஒரு சிறிய செங்கல் வீடு. அவ்வளவுதான். ஆயினும், அடிமை முறை ஒழிந்த வரலாற்றைப் பேசுவோர் அவ்வூரைக் கடந்து செல்ல இயலாது.

காரணம் அந்த ஆறுதான். 1787ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பகுதியில் அடிமை முறையைத் தடை செய்தது. தென்கரையிலுள்ள கென்டக்கியிலோ அது சட்டப்படி நீடித்தது. ஒரே ஆறு, ஒரு கரையில் மனிதன் மனிதன், மறுகரையில் அவன் ஏலத்தில் விற்கப்படும் பொருள்! இன்றைய படங்களில் ஆறு மிக அகன்று காணப்படுகிறது. பிற்காலத்தில் கட்டப்பட்ட அணைகளால் நீர்மட்டம் உயர்ந்ததன் விளைவு அது. அக்காலத்தில் ஆறு இதனினும் குறுகியது. கோடையில் ஆழமும் குறைந்துவிடும்.

இவ்வூர் 1812இல் ஸ்டான்டன் என்ற பெயரில் உருவாகி, 1816இல் ஒரு படைத்தலைவரின் நினைவாக ரிப்ளி எனப் பெயர் மாறியது. பன்றி இறைச்சி பதப்படுத்துதல், படகு கட்டுதல், பின்னாளில் புகையிலை வணிகம் எனச் செழித்தது. ஆற்றை நோக்கிய 'முன் வீதி'யின் வீடுகள் அந்தச் செல்வத்தில் எழுந்தவை.

குன்றின்மேல் உள்ள வீடு ஜான் ரேங்கின் என்ற கிறிஸ்துவப் போதகருடையது. டென்னசி மாநிலத்தில் பிறந்த அவர் 1822இல் ரிப்ளிக்கு வந்தார். வர்ஜீனியாவில் வாழ்ந்த தம் உடன்பிறந்தவர் தாமஸ் அடிமைகளை வாங்கினார் என்ற செய்தி அவருக்கு எட்டியது. ரேங்கின் சண்டையிடவில்லை, உறவை முறித்துக்கொள்ளவுமில்லை. கடிதம் எழுதினார். அடிமை முறை ஏன் தீது என்று, உடன்பிறந்தவருக்கு விளக்கும் வகையில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். அவை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்து, 1826இல் நூலாயின. அடுத்த ஆண்டே தாமஸ் தம் அடிமைகளை விடுவித்தார். கட்டுரை எழுதுவதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

1820களின் இறுதியில் ரேங்கின் குடும்பம் குன்றின்மேல் குடியேறியது. கணவன், மனைவி, பதின்மூன்று பிள்ளைகள். அச்சிறு வீட்டில் அவர்களுக்கே இடம் போதாது. ஆயினும் இரவில் கதவு தட்டப்பட்டால் திறந்தார்கள். கென்டக்கியிலிருந்து ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்களுக்கு உணவளித்து, பிள்ளைகளின் துணையோடு அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். இவ்வாறு இவ்வீட்டின் வழியே தப்பியவர்கள் ஏறத்தாழ 2000 பேர் என்பர். 1841இல் ஆயுதம் ஏந்திய கூட்டமொன்று இரவில் வீட்டைத் தாக்கியது. ரேங்கினின் புதல்வர்களே எதிர்த்துப் போராடி விரட்டினார்கள்.

1838ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உருகத் தொடங்கியிருந்த பனிக்கட்டிகளின்மேல் ஒரு தாய் கைக்குழந்தையோடு ஆற்றைக் கடந்து இவ்வீட்டை அடைந்தார். ரேங்கின் வழியாக அக்கதை ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் செவிக்கு எட்டியது. 1852இல் நூலாக வெளிவந்த அவரது 'டாம் மாமாவின் குடிசை' நாவலில் பனி ஆற்றைத் தாண்டும் எலைசா அவ்வாறு பிறந்தவளே.

இப்பாடத்தை நடத்தியபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஒஹாயோவில்தான் அடிமை முறை இல்லையே ஐயா, பிறகு ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தப்பியோடியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்துச் செல்லும் உரிமையைச் சட்டம் உரிமையாளருக்கு அளித்திருந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் கடுமையாக்கியது. அடைக்கலம் கொடுப்பவருக்கு 1000 டாலர்வரை அபராதம். ஆறு மாதம்வரை சிறை. ஆகவே ஆற்றைக் கடப்பது பயணத்தின் தொடக்கமே. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே ஈரி ஏரி. அதற்கும் அப்பால் கனடா. அங்கேதான் பாதுகாப்பு. இந்த மறைவழிக்கு 'நிலத்தடி இருப்புப்பாதை' என்று பெயர். தண்டவாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. வீடுகளே அதன் நிலையங்கள்.

இனி இரண்டாவது வீட்டுக்கு வருவோம். முன் வீதியில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் செங்கல் வீடு ஜான் பார்க்கர் என்னும் கறுப்பினத்தவருடையது. ரேங்கின் வாசலில் காத்திருந்து வரவேற்றார். பார்க்கரோ மறுகரைக்கே சென்று அழைத்து வந்தார். இந்த வேறுபாடு பெரிது என்பது என் கருத்து.

பார்க்கர் 1827இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டார். சங்கிலியால் பிணைக்கப்பட்டு நடந்தார். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் இரும்பு வார்க்கும் தொழிலைக் கற்று, உழைத்துச் சேர்த்த 1800 டாலரைக் கொடுத்து 1845இல் தம்மையே விலைக்கு வாங்கிக்கொண்டார். தன்னைத் தானே வாங்குதல்! இத்தொடரை எழுதும்போதே கை தயங்குகிறது. பின்னர் ரிப்ளியில் குடியேறி வார்ப்புப் பட்டறை நடத்தினார். புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்கும், மண்கட்டிகளை உடைக்கும் உழவுக் கருவிக்கும் காப்புரிமை பெற்றார்.

பகலில் பட்டறை; இரவில் படகு. ஒருமுறை கென்டக்கியில் ஓர் அடிமைத் தம்பதியர் தப்பிவிடாதிருக்க, அவர்களுடைய குழந்தையை உரிமையாளர் தம் கட்டிலின் காலடியில் உறங்க வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மெழுகுவத்தியும் கைத்துப்பாக்கியும். பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்து சென்று குழந்தையைத் தூக்கி வந்தார். மூவரும் ஆற்றைக் கடந்தனர்.

தாம் உதவியவர்களின் பெயர், நாள், சூழ்நிலை ஆகியவற்றை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். மொத்தம் 315 பேர். 1850ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும், அது பிறர் கையில் சிக்கினால் எல்லாரும் அழிவர் என்றுணர்ந்து தம் பட்டறையின் உலையிலேயே போட்டு எரித்தார். ஊரில் பிறரும் அவ்வாறே சான்றுகளை அழித்தனர். உயிரைக் காக்க வரலாற்றை எரிக்க வேண்டியிருந்தது! சுரங்கவழி உண்டு, இரகசிய அறை உண்டு என்று பெருமை பேசும் பழைய வீடுகள் அமெரிக்காவில் பல. சான்று உள்ளவை சில என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

1880களில் பார்க்கர் ஒரு செய்தியாளரிடம் தம் வாழ்க்கையைச் சொன்னார். அக்கையெழுத்துப் படி அச்சாக நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. 1996இல்தான் நூலாக வந்தது. வீடுகளின் கதையும் இதுவே. குன்றின்மேல் உள்ள போதகர் வீட்டை ஒஹாயோ மாநிலம் 1938இலேயே வாங்கிக் காத்தது. ஆற்றங்கரை வீடோ சிதைந்து கிடந்தது. 1990களில் ஒரு வரலாற்றுச் சங்கம் முன்வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது. 1997இல் இரு வீடுகளும் ஒருங்கே தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. போதகர் மாலையில் ஏற்றிய விளக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துடுப்பு வலித்தவரின் கதையைக் கேட்க ஊர் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. இதில் நிறம் ஒரு காரணமில்லை என்று யாரேனும் கூறினால் நான் ஏற்கமாட்டேன்.

இன்று இரண்டும் அருங்காட்சியகங்கள். குன்றேறுவதற்குப் படிக்கட்டு உண்டு. 'சுதந்திரப் படிகள்' என்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் ஆற்றின் வளைவும், கென்டக்கிக் கரையும், கீழே முன் வீதியும் ஒரே பார்வையில் தெரியும்.

பார்க்கர் 1900இல் காலமானார். சட்டத்தை மீறி மறைவாகவே எழுத்தறிந்துகொண்ட அவர், தம் பிள்ளைகளைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். மகள் ஹோர்டென்ஸ் 1883இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக அறியப்படுபவர் அவரே. பின்னர் அவர் ஆசிரியரானார்.