கேமராவின் கலங்கலும் கண்ணின் கலங்கலும்

கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துங்கள். கண் விரலோடு போனால் நகத்தின் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரியும். பின்னால் இருக்கும் சுவர்தான் கலங்கும். பார்வையைச் சுவரில் நிறுத்திவிட்டால் கலங்குவது விரல்.

சினிமா கேமராவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம், வழக்கமான 180 டிகிரி ஷட்டர் என்றால், ஒவ்வொரு ஃபிரேமிலும் 1/48 நொடி வெளிச்சம் விழுகிறது. அதற்குள் கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவும் படத்தில் தீற்றலாகப் பதியும். நூறாண்டாக இதைப் பார்த்துப் பழகியதால் அதையே இயல்பு என்கிறோம். ஆனால் 1998இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் கடற்கரைப் போருக்கு ஷட்டர் கோணத்தை 45, 90 டிகிரி என்று குறைத்தார்கள். தீற்றல் குறைந்து, தெறித்த மண் துகள் துகளாகத் தெரிந்தது. பார்த்தவர்களோ போர்க்களத்திலேயே நின்றதுபோல் இருந்தது என்றார்கள்!

வீடியோ கேமில் ஷட்டரே இல்லை. கிராபிக்ஸ் கார்டு வரைவது உறைந்த கணத்தை. ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டு, அந்தத் திசையில் நிறத்தை இழுத்துவிடுவதுதான் மோஷன் பிளர். நொடிக்கு 30 ஃபிரேமே வரும் கேமில் படம் தத்தித் தத்திப் போவதை அது நன்றாகவே மறைக்கும்.

சிக்கல், நாம் எங்கே பார்க்கிறோம் என்று கேமுக்குத் தெரியாததில் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையில் சட்டென்று திரும்புகிறேன். கண், ஓரத்தில் நிற்கும் எதிரியைப் பிடித்துக்கொள்கிறது. நிஜத்தில் அவன் தெளிவாக இருப்பான், கேமில் அவனும் சுவரோடு சேர்ந்து கரைகிறான். போதாக்குறைக்கு, 60 ஹெர்ட்ஸ் எல்சிடி திரை ஒவ்வொரு ஃபிரேமையும் 1/60 நொடி அப்படியே பிடித்து வைக்கிறது. அதைத் தொடரும் கண்ணில் தானாகவே ஒரு கலங்கல் உண்டாகும். அதன்மேல் கேமின் பிளர் இரண்டாவது பூச்சு.

கார் சக்கரம் வேறு கதை. பிளர் இல்லாவிட்டால் கம்பிகள் நின்றதுபோலவோ பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தெரியும். அந்த வேகத்தில் கம்பியை எந்தக் கண்ணாலும் தொடர முடியாது, அதனால் அங்கே கலங்கல்தான் உண்மை. ஆகவே பொருளுக்கான பிளர் இருக்கட்டும், கேமரா திரும்பும்போது வருவது வேண்டாம் என்பது என் கட்சி. சில கேம்களில் இரண்டையும் ஒரே சுவிட்சில் கட்டிவைத்திருப்பதுதான் எரிச்சல்.

ரேஸ் முடிந்து ரீப்ளே ஓடும்போது மட்டும் எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். அப்போது நான் ஓட்டுநர் இல்லை, டிவி பார்க்கிறவன்.