பாலக்காட்டு அக்கிரகார விருந்தின் வரிசைமுறை

உணவு வரலாற்றை எழுதுவோர் பண்டங்களின் பெயர்களைத் தொகுக்கும் அளவிற்கு, அவை இலையில் இடம்பெறும் வரிசையைக் கருத்திற் கொள்வதில்லை. பெயர் எளிதில் கடனாக வந்துவிடும். வரிசை அவ்வாறு மாறுவதில்லை. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணரின் விருந்து இதற்குத் தக்க சான்றாகும்.

இவர்களின் முன்னோர் சோழநாட்டுப் பகுதிகளிலிருந்து பல்வேறு காலங்களில் பாலக்காட்டில் குடியேறியோராவர். கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலின் தோற்றம் 1425ஆம் ஆண்டினதாகக் கூறப்படுவதால், குடியேற்றத்தின் ஒரு பகுதியேனும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கு முற்பட்டது எனக் கருத இடமுண்டு.

பரிமாறும் வரிசையும் உண்ணும் வரிசையும் ஒன்றல்ல. நுனி இடப்புறம் அமைய இலையிட்டதும், வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு துளி பாயசம் விழும். மங்கலம் கருதிய இத்துளி தமிழ்நாட்டுப் பிராமண இல்லங்களிலும் உண்டு. உப்பும் ஊறுகாயும் உப்பேரியும் முன்வரும் மலையாள விருந்தில் இல்லை. இலையின் மேற்பகுதியிலோ நிலைமை வேறு. ஓலன், காளன், எரிசேரி, அவியல், புளியிஞ்சி எனச் சேரநாட்டுப் பெயர்களே அங்கு நிரம்பியுள்ளன.

சோற்றின்மேல் ஊற்றப்படுவனவற்றில் பழைய ஒழுங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. பருப்பும் நெய்யும் முதலில்; அடுத்துச் சாம்பார்; பின் ரசம்; அதன்பின் பாயசம்; மோருடன் நிறைவு. திருவிதாங்கூர்ப் பகுதியில் சாம்பாரை அடுத்தே பாயசம் வந்துவிடும். புளிசேரியும் ரசமும் மோரும் அதற்குப் பின்னரே. பாலக்காட்டார் மோர்க்குழம்பை ‘மோர்க்கூட்டான்’ என்பர். பெயரின் பிற்பகுதி மலையாளமாயிற்று. ஆயினும் ரசத்திற்கு முன்னர் என்னும் இடம் மாறவில்லை. ‘மொளகூட்டல்’ என்பதன் முன்பகுதி மிளகைச் சுட்டுவதாகக் கொள்ளின், போர்த்துகீசியர் வழி மிளகாய் வருவதற்கு முந்திய சமையலின் எச்சம் அப்பெயரில் உள்ளது எனலாம்.

சோழர்காலக் கல்வெட்டுகள் இறைவனுக்குரிய அமுதுபடியைக் கூறுமிடத்து அரிசியுடன் பருப்பமுது, கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றைக் குறிக்கின்றன. இவை பண்டங்களுக்கான நிவந்தக் கணக்குகளே. உண்ணும் வரிசையை இவற்றிலிருந்து நேரே வருவித்தல் பொருந்தாது. எனினும் பருப்பும் நெய்யும் தயிரும் இறுதியில் வெற்றிலை பாக்கும் இன்றைய விருந்திலும் தொடர்வது புறக்கணிக்கத்தக்கதன்று.

இடுக்கி எல்லையில் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டத் தமிழரின் விருந்தை இதனோடு சேர்த்துப் பேசுவது பிழை. அவர்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோட்டத் தொழிலுக்காக வந்தவர்கள். அக்கிரகாரத்தின் சடங்குக் கட்டுப்பாடு அங்கில்லை.

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பிற்குப் பின் மலையாளப் பள்ளிகளில் பயின்ற அக்கிரகாரத் தலைமுறையினர் பலர் தமிழைப் பேசுவர், படிக்க அறியார். ரசத்திற்குப் பின் பாயசம் என்பதை அவர்கள் எந்த நூலிலும் கற்றவரல்லர். பந்தியில் பரிமாறிப் பழகியவர்கள். இன்று திருமண மண்டபங்களில் அப்பணி ஒப்பந்தச் சமையற்குழுவினரிடம் சென்றுவிட்டது. இலை நிரம்பிய பின்னரே விருந்தினர் அமர்கின்றனர். பாயசம் தனிக் கிண்ணத்தில் வருகிறது. கீழ்மூலைத் துளியை மூத்தோர் எவரேனும் கேட்டால்தான் இடுகின்றனர்.