உயிருள்ள நினைவும் செத்த நினைவும்

என் மடிக்கணினிக்குப் பத்து வயது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "புதுசு வாங்கிடுங்க சார்" என்றார் பழுது பார்க்கும் தம்பி. மனம் வரவில்லை. ரேமையும் வட்டையும் நானே மாற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

பிரெஞ்சு வழியில் படித்த நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும்: ரேமுக்கு அங்கே 'மெமுவார் வீவ்' என்று பெயர். உயிருள்ள நினைவு. ரோமுக்கு 'மெமுவார் மோர்த்', செத்த நினைவு. வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் மறப்பது உயிருள்ளதுதான்.

1950, 60களில் இந்த உயிருள்ள நினைவு மிகச் சிறிய காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையத்தில் ஒரு பிட். அவற்றுக்குள் மெல்லிய கம்பிகளைக் கையால் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லில் 1,024 பிட்டுகள் இருந்தன. வளையத்துக்கு விடை கொடுத்தது அதுதான். நான் வாங்கிய 8 ஜிபி ரேமை வளையங்களால் செய்வதென்றால் ஏறக்குறைய 6,870 கோடி வளையங்கள் கோக்க வேண்டும்!

வட்டின் கதை 1956இல் தொடங்குகிறது. ஐபிஎம்மின் ராமாக் கணினியில் இரண்டடி அகலத் தட்டுகள் 50. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே சரியாகிவிடும். 1988இல் பிரான்சின் ஆல்பெர் ஃபேரும் ஜெர்மனியின் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த காந்த விளைவால், மிக நுண்ணிய பதிவுகளையும் படிக்க முடிந்தது. வட்டுகளின் கொள்ளளவு மளமளவென்று ஏறியது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனாலும் தட்டு சுழல வேண்டும், ஊசிபோன்ற கை நகர வேண்டும். என் கணினியின் தாமதம் பெரும்பாலும் அங்கேதான். ஜப்பானியர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில் அசையும் பாகமே கிடையாது. எஸ்எஸ்டி அதன் வாரிசு.

முதலில் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்தேன். மின்கலத்தைக் கழற்றி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக ஓர் இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு, மூடியைத் திறந்தேன். ரேமைச் செருகி மூடி இயக்கினால் கறுப்புத் திரை! வியர்த்துவிட்டது. மறுபடி திறந்து, சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் 'டிக்' என்னும் வரை அழுத்தினேன். உயிர் வந்தது. அடுத்து எஸ்எஸ்டியைப் பொருத்தி, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன்.

இப்போது அரை நிமிடத்தில் தயாராகிறது. காபி போட நேரமில்லை.

ஒரு வார்த்தை: இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்முன் 'பின்னால் மாற்ற முடியுமா?' என்று கேளுங்கள். வயதானால் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்பதில்லை. அதை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?